மாக்கோழியும் ரெக்சின் பையும்

சென்ற ஆண்டு மகாவீர நிர்வாணத் திருநாளன்று பள்ளிகொண்டாவிலுள்ள நம் இல்லத்திற்கு வந்த பேத்தி, தோளில் ஒரு கைப்பை மாட்டியிருந்தாள். தேன் நிறம், மேற்பரப்பில் கன்றின் தோலில் காணப்படும் மெல்லிய வரிகள். தோற்பொருளை இல்லத்துள் கொணர்வதில்லை என்பது நம் குடும்ப வழக்கம். ஆதலின் அதனைத் திண்ணையிலேயே வைத்து வருமாறு கூறினோம். அவள் நகைத்தாள். "ஆயா, இது தோல் இல்லை. கள்ளிச் செடியிலிருந்து செய்தது. இதற்காக ஓர் உயிரும் சாகவில்லை. தொட்டுப் பாருங்கள், தோல் போலவே இல்லையா?" என்றாள். தொட்டுப் பார்த்தோம். தோல் போலவே இருந்தது. அந்தப் 'போலவே' என்னும் சொல் அன்றிரவு நம்மை உறங்கவொட்டாது செய்தது.

நம் சமூகத்துப் பெரியோர்க்கு யசோதர காவியத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இளையோர் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். தீக்கனாவின் தீங்கு நீங்க உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகின்றாள். அரசன் யசோதரன் கொலைக்கு இசையவில்லை. முடிவில் இருவரும் ஓர் இடைவழி காண்கின்றனர்: மாவினால் கோழி செய்து அதனைத் தேவிக்கு வெட்டிப் படைத்தல். அங்கே குருதி சிந்தவில்லை. ஓர் உயிரும் மாயவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, இறுதியில் மெய்யான கோழிகளாகவே பிறந்து மாள்கின்றனர். வெட்டுண்டது மாவே எனினும் வெட்ட நினைந்த நினைவு மெய்யானது என்பதே காப்பியம் காட்டும் அறம்.

அங்ஙனமாயின், தோல் போலவே செய்யப்பட்ட கள்ளிப் பையும் ஒரு மாக்கோழி ஆகாதா? கொல்லாமல் கொலையின் பயனை மட்டும் விரும்பும் மனம் அதில் ஒளிந்திருக்கவில்லையா?

முதலில் ஆம் என்றே எண்ணினோம். பின்னர் நம் முனிவர்களின் கையிலுள்ள மயிற்பீலி நினைவிற்கு வந்தது. பீலி விலங்குப் பொருளே. எனினும் மயில் தானே உதிர்த்த இறகாதலின் அதில் குற்றமில்லை. உயிரியின் உடற்பொருள் ஒன்று மாமுனிவர் கையிலும் இருக்கலாம். உயிரே இல்லாத மாவுருண்டை ஓர் அரசனைப் பல பிறவிக்கு ஆழ்த்தலாம். எனவே ஒரு பொருள் எதனால் ஆயது என்பதைக் கொண்டு மட்டும் குற்றத்தை அளந்துவிட முடியாது. யசோதரன் விரும்பியது பலி. பேத்தி விரும்பியது அழகிய பை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அந்தப் பிள்ளைக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். ஒரு பொருளைக் 'கொன்று பெற்றது போல' இருப்பதற்காக ஒருவர் விரும்பினால் அன்றோ அது மாக்கோழி ஆகும்?

இத்துடன் அமைதி கொண்டு உறங்கியிருக்கலாம். ஆனால் அவளை வினவிய நாம் நம்மை வினவ மறந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாம் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டு இவ்வூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டோம். ('பள்ளி' என்று கண்ட இடமெல்லாம் நம் முன்னோர் பள்ளியே எனச் சாதிக்கும் அன்பர்கள் நம்மிடையே உளர். இவ்வூர்ப் பெயர் அரங்கநாதர் பள்ளிகொண்டதால் வந்தது. அவர்க்குரியதை அவர்க்கே விட்டுவிடுவோம். நமக்கு ஆம்பூரை அடுத்த மலையம்பட்டில், சமண ஓவியங்கள் உள்ள ஆர்மாமலைக் குகை போதும்.) பாலாற்றில் நமக்கு மேலே வாணியம்பாடியும் ஆம்பூரும், கீழே மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் உள்ளன. யாவும் தோல் பதனிடும் ஊர்கள். நம் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளுள் பலர்க்குத் தந்தையர் டேனரித் தொழிலாளர். அன்னையர் காலணித் தொழிற்சாலையில் தையல் செய்தோர்.

1987ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நமக்கு ஒரு சிறு பணப்பை கொணர்ந்தாள். அவள் தாய் தொழிற்சாலையில் எஞ்சிய தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, இரவில் கையால் தைத்தது. நாம் அதனைத் தொடவில்லை. மேசை மேல் வைக்கவும் விடவில்லை. "எங்கள் சமயத்தில் இதைத் தொடமாட்டோம், எடுத்துப் போ" என்றோம். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதனைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு தன் இடத்திற்குச் சென்று அமர்ந்தாள். நாம் நம் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துப் பாடத்தைத் தொடங்கினோம். அந்தப் பை கறுப்பு ரெக்சின் பை. தோலன்று ஆதலின் தூயது என்று கருதி வாங்கியது. பணி ஓய்வு வரை நம்முடன் வந்தது.

அந்தத் தூய்மையைச் சற்றே சோதிப்போம்.

தோலின் தீங்கு மாட்டோடு முடிவதில்லை என்பதை நம் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்டனர். குரோமிய உப்பு வந்தபின் அதே வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1970களில் அரசு கட்டுப்படுத்தியபின், முழுதும் பதனிடும் பணி இங்கேயே பெருகிற்று. தோல் உறிஞ்சியது போக மிஞ்சிய குரோமியமும், பச்சைத் தோலைக் காக்க இட்ட உப்பும் கழிவு நீரோடு வெளியேறின. பதனிடப் பயன்படும் குரோமியம் அத்துணைக் கொடியதன்று. அதுவே சில நிலைகளில் மாற்றமுற்று ஆறு இணைதிறன் கொண்டதாகும்போது புற்றுநோய் விளைக்கும் நஞ்சாகின்றது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வழங்கியது. இவ்வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அத்தீர்ப்பில் கூறப்பட்டுள்ளது. கேடு விளைத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. பதனிடும் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்பட்டன. நீரை மீட்கின்றனர், மிஞ்சும் உப்புக் குவியலை எங்கே கொண்டு வைப்பது என்பது இன்னும் தீராத வினா. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் பாலாற்றுக் கேட்டினால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு மறுபடியும் ஆணையிட வேண்டியதாயிற்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். நம் மாணவர் தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்து முடித்துவிட்டனர்.

இவற்றையெல்லாம் கூறித் தோலை விலக்கிய நம்மை நாமே பாராட்டிக்கொள்வது எளிது. ரெக்சின் என்று கடையில் சொல்லி வாங்குவது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி. குளோரின் கலந்த நெகிழி அது. மென்மைக்காகச் சேர்க்கும் தாலேட் வகைச் சேர்மங்கள் உடலின் இயக்குநீர்களைக் குலைப்பன. எரித்தால் டையாக்சின் என்னும் நஞ்சு, புதைத்தால் மக்காது, துகளாகி மண்ணிலும் நீரிலும் திரியும். 2024 மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. கழுத்துத் தமனியின் அடைப்பை அறுவை செய்து நீக்கிய 257 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். அவ்வடைப்பில் 150 பேர்க்குப் பாலித்தீன் துகளும், 31 பேர்க்குப் பி.வி.சி. துகளும் இருந்தன. துகள் இருந்தோர்க்கு அடுத்த மூன்றாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, இல்லாதோரைவிட ஏறத்தாழ 4.5 மடங்கு. 2025இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் இறந்தோரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தபோது, மறதி நோய் கண்டிருந்தோர் மூளையில் நெகிழித் துகள் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. துகளே நோய்க்குக் காரணம் என்று இவ்வாய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. நோயுற்ற மூளை துகளை வெளியேற்ற இயலாமல் சேர்த்துக்கொள்வதும் கூடும். எனினும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் வயதில் இருக்கும் நமக்கு இது வெறுஞ்செய்தியாகத் தோன்றவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது 'பிரமாதம்' என்னும் சொல்லைப் பெய்துள்ளது. சமையல் பிரமாதம் என்று நாம் புகழ்கிறோமே, அதே சொல்தான். ஆகமத்தில் அதன் பொருள் வேறு. விழிப்பின்மை, அசட்டை என்பது பொருள். விழிப்பின்றி நடந்து உயிர்க்கு ஊறு விளைத்தலே இம்சை என்கிறார் உமாசுவாமி. யசோதரன் கதையில் நினைவு இருந்தது, ஊறு இல்லை. நம் ரெக்சின் பையின் கதையில் ஊறு இருந்தது, நினைவே இல்லை. கொல்லும் எண்ணம் நமக்கில்லை என்ற நிறைவில், நெகிழித் தொழிற்சாலையில் கரைப்பான் ஆவியை முகரும் தொழிலாளியைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. எண்ணம் தூயது என்பதனாலேயே நாம் எண்ணாமல் இருந்துவிட்டோம்.

இதற்காகத் தோலை ஏற்றுக்கொள்வோம் என்று கூறவரவில்லை. அணுவிரதம் பூண்ட இல்லறத்தார்க்கு இயங்கும் உயிரைக் கொன்று பெற்ற பொருள் விலக்கே. காந்தியடிகள் தாமே மாண்ட கால்நடையின் தோலை மட்டும் கொள்ளும் வழியை வற்புறுத்தி, சபர்மதியிலும் வார்தா அருகே நல்வாடியிலும் பதனிடும் சாலைகள் நடத்தச் செய்தார். மயிற்பீலியின் நெறிக்கு அணுக்கமான வழி அது. ஆனால் கடையில் தொங்கும் தோல் எம்மாட்டுத் தோல் என்று யார் அறிவார்? (ஜினாலய வாயிலில் அரைக்கச்சையையும் பணப்பையையும் களைந்து வைத்துவிட்டு உள்ளே செல்கிறோம், விழா நாளில் அதே வாயிலில் தவில் முழங்குகிறது. இதனைச் சிறுவயதில் பாட்டனாரிடம் கேட்டு அடிவாங்கிய நினைவும் உண்டு.)

புதிய பொருள்களைக் குறித்தும் இதே விழிப்பு வேண்டும். சென்னையில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நீரின்றிக் குரோமியம் ஏற்றும் முறையைக் கண்டதோடு, மாங்கூழிலிருந்து தோல் போன்ற பொருளும் செய்துள்ளது. கான்பூரில் கோயில் கழிமலரின்மீது பூஞ்சை வளர்க்கின்றனர்; கேரளத்தில் தேங்காய் நீரில் நுண்ணுயிர் வளர்த்து ஏடெடுக்கின்றனர். ஓரறிவுயிர் எத்தனை கோடி மாள்கின்றன என்று நம்மவர் கேட்கலாம். மோர் ஊற்றி உண்ணும் இல்லறத்தார் அதனை மிகவும் ஓங்கிக் கேட்க இயலாது. நம் கவலை வேறு. ஜெர்மனியின் பிரைபெர்க் நகர ஆய்வு நிலையத்தார் 2021இல் கள்ளி, ஆப்பிள், அன்னாசி முதலியவற்றின் பெயரால் விற்கும் பொருள்களை ஒப்பாய்வு செய்தபோது, அவற்றுள் சிலவற்றில் பாலியூரித்தேன் என்னும் நெகிழி கலந்திருக்கக் கண்டனர். பெயரில் செடி, பூச்சில் நெகிழி.

பேத்தியின் பை எவ்வகை என்று அறிய நமக்கு வழி தெரியவில்லை. மறுநாள் காலை, மேற்கூறிய அந்த மாணவிக்கே ஆளனுப்பினோம். அவள் இப்போது ஐம்பது கடந்தவள். காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். பையை வாங்கி, உட்புறத்தைப் புரட்டி, ஓரத் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். "மேலே பி.யு. பூச்சு டீச்சர். நடுவில் ஏதோ தூள் கலந்திருக்கிறார்கள், அதுதான் கள்ளியாக இருக்கும். அடியில் பாலியஸ்டர் துணி. மடிக்கிற இடத்தில் இரண்டு வருஷத்தில் உரியும்" என்றாள். பேத்தியின் முகம் வாடிற்று. உரிந்தால் தன்னிடம் கொண்டுவரச் சொல்லி, துணிப்பட்டி வைத்துத் தைத்துத் தருவதாகக் கூறினாள்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாய்க் கேட்க நாவெழாத ஒன்றை அப்போது கேட்டோம். அன்று திருப்பியனுப்பிய அந்தப் பணப்பை என்னவாயிற்று? நாம் நடந்துகொண்டது தவறு என்றும் சொன்னோம். அவள் நம்மைத் தேற்றவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சற்று நேரம் பையின் தையலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதையா டீச்சர்? அம்மா சந்தைக்குக் காசு வைத்துக்கொள்ள எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போகிற வரை இடுப்பில்தான் இருந்தது. கிழியவே இல்லை" என்றாள்.