வீதியும் மதுவும் அறமும்

2017 ஜூலை முதல் தேதி பெங்களூரின் மகாத்மா காந்தி சாலையிலும் பிரிகேட் சாலையிலும் மதுக்கூடங்கள் மூடப்பட்டன. (காந்தியடிகளின் பெயர் தாங்கிய சாலையில் அவை இருந்ததே விந்தை.) நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மது விற்கலாகாது என்னும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே காரணம். நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற கடைகளுக்கு இத்தடை இல்லை என்று அம்மாதமே நீதிமன்றம் விளக்கியது.

அடக்கம் உள்ளத்தில் பிறக்க வேண்டும். சட்டம் திணிப்பது அறமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. குடிப்பவனை மட்டும் எண்ணினால் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் வீதியில் அவன் மட்டுமா நடக்கிறான்? 2016 டிசம்பர் 31 இரவு, இதே சாலைகளில் புத்தாண்டைக் கொண்டாடத் திரண்ட கூட்டத்தில் தாங்கள் சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் பலர் கூறினர். ஆடவரின் மனம் பக்குவமடையும் வரை அவர்கள் காத்திருக்க இயலுமா? குடிப்பவனைத் தூய்மையாக்குவது சட்டத்தின் வேலை அன்று. பிறருக்கு வழிவிடச் செய்வதே அதன் வேலை. குற்றத்தை மதுவின் மீது சுமத்தி மனிதனைத் தப்பவிடுவதும் தவறு. குடித்த அனைவரும் கைநீட்டுவதில்லையே!

அளவுகோல் பிறரது பாதுகாப்பு எனில், குடியின் விலையை அது பார்க்கலாகாது. கர்நாடகம் 2007 ஜூலையில் ஏழைகள் அருந்திய சாராயத்தைத் தடை செய்தது. மற்ற மது வகைகள் தொடர்ந்து விற்கப்பட்டன. நடைபாதையில் புட்டியுடன் அமர்ந்திருப்பவனைக் காவலர் எழுப்பி விரட்டுகிறார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தள்ளாடி வருபவனுக்கோ காரின் கதவு திறக்கப்படுகிறது. அவ்வழியே வீடு திரும்பும் பெண் இருவரையும் கண்டு ஒதுங்குகிறாள்.