இரவுப் பணியும் இன்சொல்லும்

அரசு மருத்துவமனையின் பொது வார்டில், பின்னிரவு நான்கு மணிக்கு, மகனின் படுக்கையருகே தரையில் படுத்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்து, டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று மூன்றாம் முறையாகச் சொல்ல, "எத்தனை தடவைம்மா சொல்றது, போய் உட்காருங்க" என்று செவிலியர் சீறி விழுந்தால், அந்தச் சுடுசொல்லுக்குப் பொறுப்பாளி யார்? கருணையோடு இருக்க வேண்டியவர் இப்படிப் பேசலாமா என்று கேட்டு, குற்றம் முழுவதையும் அவருடைய சுபாவத்தின்மேல் ஏற்றிவிடுவதே உலக வழக்கம். அது நியாயம்தானா என்பதை ஆராயாமல் தீர்ப்புக் கூறுவது அறமாகாது.

பகலில் விழிக்கவும் இரவில் நித்திரை கொள்ளவும் அமைந்தது மனித சரீரம். பின்னிரவில் அதன் வெப்பம் தாழ்கிறது, அதனோடு கவனமும் தளர்கிறது. பகலில் ஆறு மணி நேர முறைகள் இரண்டு, இரவில் 12 மணி நேர முறை ஒன்று என்று பணியைப் பகுக்கும் வழக்கம் நம் மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு. இம்முறைகள் மாறி மாறி வருவதால், ஒரு வேளைக்கு உடல் பழகத் தொடங்கும்போதே அட்டவணை அதனை வேறொரு வேளைக்குத் தள்ளிவிடுகிறது. இரவுப் பணிக்கு வருபவர் பகலெல்லாம் உறங்கிவிட்டு வருகிறார் என்று எண்ணுவது பேதைமை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துணி துவைத்து, கண்ணயர வாய்க்காமலே நைட் டியூட்டிக்குப் புறப்படும் பெண்கள் பலர். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கே 17 மணி நேரம் விழித்தவராகிவிடுகிறார். அந்த மூதாட்டி வந்து நிற்கும் வேளைக்கு 22 மணி நேரம் ஆகிவிடுகிறது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுவதாக, டாசன், ரீட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். நம் மோட்டார் வாகனச் சட்டமோ 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 0.03 சதவீதத்துக்கு மேல், மது இருந்தாலே ஓட்டுநரைத் தண்டிக்கிறது. ஓட்டுநரின் கை தடுமாறுவதற்கு இவ்வளவு அஞ்சும் சமுதாயம், மங்கிய விளக்கில் இன்சுலினை ஊசியில் அளந்தெடுக்கும் கை தடுமாறுவதற்கு அஞ்சாதிருப்பது எங்ஙனம்? குடித்தவன் தன் இச்சையால் குடித்தான். செவிலியரோ அட்டவணையில் பெயர் வந்ததால் விழித்திருக்கிறார். அமெரிக்கச் செவிலியர் 393 பேர் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த ஆய்வும், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பணியில் தவறு நேரும் வாய்ப்பு மும்மடங்காவதைக் காட்டிற்று.

எஞ்சியிருக்கும் கவனத்தையெல்லாம் மருந்தின் அளவுக்கும் சொட்டின் வேகத்துக்கும் செலவிட்டுவிட்டவரிடம் இன்சொல்லுக்கு மீதி இருப்பதில்லை. ஊசி தவறினால் உயிர் போகும் என்பதால் அதனைக் காத்து, பொறுமையை அவர் இழக்கிறார். கடுமையாகத் தோன்றும் அந்த முகத்தின் பின்னே, நோயாளியைக் காக்கும் பிரயாசையே பல வேளைகளில் மறைந்திருக்கிறது.

இதனால் சுடுசொல் குற்றமற்றதாகிவிடுமோ எனில், ஆகாது. அட்டவணை எழுதியவர் அந்த மூதாட்டியல்லர், அவரும் உறங்கவில்லை, அச்சமும் ஏழ்மையும் ஒருங்கே வருத்த, வேறு போக்கிடமின்றியே அங்கு வந்து நின்றார். அவருடைய மனம் புண்பட்டது உண்மை; அதற்காகச் செவிலியர் வருந்துவதே முறை. ஆனால் வருந்த வேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமே என்பதுதான் ஏற்கத்தகாதது.

அட்டவணை எழுதும் கண்காணிப்பாளரும் இல்லாத ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவார்? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், ஏனைய மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதித்திருக்க, நாற்பது படுக்கைகளுக்கு ஒருவரோ இருவரோ இரவைக் கழிப்பதை நோயாளியோடு தங்கிய எவரும் கண்டிருப்பர். இரு பணிமுறைகளுக்கிடையே 12 மணி நேர ஓய்வேனும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இலேயே பரிந்துரைத்தது; ஆட்கள் இல்லாத இடத்தில் அந்த ஓய்வுக்கு வழியேது? மேலும், 2015 முதல் இங்கே தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட செவிலியர் ஆயிரக்கணக்கினர். நிரந்தரமற்ற வேலையில் இருப்பவர் "இன்று என்னால் இயலாது" என்று எவ்வாறு வாய்திறப்பார்? நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் வள்ளுவர் மருத்துவத்தின் ஒரு கூறாக வைத்தார். கட்டடத்துக்கும் கருவிக்கும் செலவிடத் தயங்காத நாம் இந்நான்காம் கூற்றில் மட்டும் சிக்கனம் பார்க்கிறோம்.

ஆகவே, கடுமையாகப் பேசினார் என்று புகார் வந்து, செவிலியரிடம் விளக்கக் கடிதம் கேட்கப்படும்போது, அவருடைய முந்தைய இரண்டு வாரப் பணி அட்டவணையும், அன்றிரவு அவ்வார்டில் கிடந்த நோயாளிகளின் எண்ணிக்கையும் அதே கோப்பில் சேர்க்கப்படுதல் வேண்டும். ஓய்வு நாளிலும் அவர் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தால், இரண்டாவது கடிதம் அவ்வாறு அழைத்தவருக்கும், மூன்றாவது கடிதம் காலியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் வைத்திருப்பவருக்கும் அனுப்பப்படுதல் வேண்டும்.