ஒலி கேட்கும் இடம்

ஓர் ஒலி எங்கே கேட்கிறதோ அங்கேயே அது பிறக்கிறது என்று கருதுவது மனித இயல்பு. அக்கருத்து எத்துணை எளிதாகப் பொய்த்துவிடும் என்பதைக் குனோங் ராபாட்டில் வாழ்வோர் நன்கறிவர். ஈப்போ நகரின் தென்புறத்தே சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்து நிற்கும் ஊர் இது. கெக் லோக் தோங் குகைக்கோயிலைக் காண வந்தவர்கள் அக்குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு குன்றின் பின்னே பாறையை வெடி வைத்துப் பிளந்தால், முழக்கம் எதிர்க்குன்றிலிருந்து எழுவதுபோல் தோன்றும். ஊருக்குப் புதியவர் அந்த எதிர்க்குன்றையே வியந்து நோக்குவார். காது தன் கடமையைச் சரியாகவே செய்கிறது, அறிவுதான் அவசரப்படுகிறது. இந்த அவசரம் வெறும் அறிவுப் பிழைதானா, அன்றி அறத்தின்பாற்பட்ட பிழையும் ஆகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினாவுக்கு எடுத்துக்காட்டாக ஒரு வண்டிப் பட்டறையைக் கொள்கிறேன். தமிழாசிரியனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று மாணாக்கர் நகைக்க வேண்டா. தருக்க நூல் கற்பிப்பதை அங்கே கைகள் செய்துகாட்டுகின்றன.

செம்பனைத் தோப்புகளிலும் ஆற்றோரப் பாதைகளிலும் இந்நாளில் ஒருவகைச் சிறு வண்டி ஓடுகிறது. ஓட்டுநரும் துணைவரும் அருகருகே அமரலாம். பின்னே உர மூட்டை ஏற்றலாம். தேவைப்படும்போது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். அதன் முன் அச்சின் நடுவே ஓர் இரும்புப் பெட்டி உண்டு. டிஃபரன்ஷியல் என்பது அதன் பெயர். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு உருள வேண்டும். அவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுத்துக்கொண்டே இரண்டுக்கும் விசையைப் பங்கிடுவது அப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்களின் பணி. இருவர் பிணக்கில் நடுநின்று இருவருக்கும் ஈடுகொடுக்கும் சான்றோரின் பணி போன்றது அது. பழியும் அத்தகையோருக்கு வருவது போலவே வரும்.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் இவ்வூரில் பட்டறை நடத்துகிறார். கோப்பெங் பக்கம் சிறு செம்பனைத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் அவரிடம் இத்தகைய வண்டியைக் கொண்டுவந்த போது நானும் அங்கிருந்தேன். முன்பக்கம் கரகரவென்று பெருஞ்சத்தம். “தம்பி, முன் டிஃபரன்ஷியல் போய்விட்டது. விலை என்ன ஆனாலும் ஆகட்டும், புதிதாக மாற்றிவிடு” என்றார் வந்தவர். இளைஞர் திருப்புளியைத் தொடவில்லை. “அண்ணே, மாற்றுவது இருக்கட்டும். எப்போது சத்தம் வருகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார்.

‘எங்கே’ என்று கேளாமல் ‘எப்போது’ என்று கேட்டதுதான் என்னை நிறுத்தி வைத்தது. பின்னர் அவரே விளக்கினார். திரும்பும்போது மட்டும் டக்டக்கென்று அடித்தால் சக்கரத்தை ஒட்டிய அச்சு மூட்டை ஐயுற வேண்டும். வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறினால் பேரிங்கை நோக்க வேண்டும். எண்ணெய் மிதியை அழுத்தும்போது ஒரு குரலும் விடும்போது வேறொரு குரலும் கேட்டால் பற்சக்கரத்தின் பற்களைப் பார்க்க வேண்டும். இவையும் ஐயங்களே, முடிபுகள் அல்ல. ஏனெனில் இரும்புச் சட்டம் ஒலியைக் கடத்திச் செல்லும். பின்னே பிறந்தது முன்னே கேட்கும். நீண்ட திருப்புளியின் முனையை இரும்பில் ஊன்றிக் கைப்பிடியைக் காதருகே வைத்து அவர் ஒவ்வோர் இடமாகக் கேட்டுச் சென்றார். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டார். அதிலிருந்தே மருத்துவரின் இதயத்துடிப்பு மானி பிறந்தது. இரண்டும் ஒரே கலைதான்.

பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தார். இரும்புத் துகள் இல்லை. நீர் புகுந்தால் தோன்றும் பால்நிறமும் இல்லை. சக்கரங்களைத் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்றினார், அமைதி. தார்ச்சாலையில் பின்சக்கர விசையில் மட்டும் ஓட்டினார், அமைதி. நான்கு சக்கர விசைக்கு மாற்றியதும் கரகரப்பு எழுந்தது. சேற்று நிலத்தில் அதுவே பெரிதும் தணிந்தது. பிறகு அவர் கேட்டது டிஃபரன்ஷியலைப் பற்றியன்று. “டயர் எப்போது மாற்றினீர்கள், அண்ணே?”

முன்னிரண்டை மட்டும் மாற்றியிருந்தார். கடையில் கிடைத்தது சற்றே பெரிய அளவு. பெரிய சக்கரம் ஒரே தொலைவைக் குறைந்த சுற்றில் கடந்துவிடும். விசைத்தண்டோ பழைய கணக்கின்படி சுற்றச் சொல்கிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அப்பூசலைத் தீர்த்துக்கொள்கிறது. கெட்டித் தரையில் வழுக்க வழியில்லை. எல்லா முறுக்கமும் நடுவிலுள்ள பெட்டியின்மேல் விழுகிறது. அது முனகியது. பொருந்திய அளவு டயர்களைப் பூட்டியதும் சத்தம் நின்றது. கேட்டபடியே பெட்டியை மாற்றியிருந்தால், புதிய பெட்டியும் அதே டயர்களுக்கிடையே அகப்பட்டு முனகியிருக்கும்.

சீத்தலைச் சாத்தனார் இதனை அறிந்திருந்தார் என்றால் வியப்பாக இருக்கும். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி மாநகரில் அளவை வாதி அறிதலுக்குரிய பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். கருதலளவைக்கு அவன் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, காட்டில் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டென்று உணர்வது. ஆக, ஒலியிலிருந்து பொருளை ஊகிப்பது நம் நூல்கள் ஒப்பிய வழியே. ஆனால் அவ்வளவைகளை அடுத்து எட்டுக் குற்றங்களும் அங்கே கூறப்படுகின்றன. வெளியில் நிற்பதைத் தறியோ மனிதனோ என்று மயங்குவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதன் என்று துணிவது தேராது தெளிதல். இரண்டும் குற்றப் பட்டியலில்தான் உள்ளன. எனினும் என் மனம் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க ஒப்பவில்லை. ஐயுறுபவன் இன்னும் ஓரடி அருகே சென்று பார்ப்பான். தேராது தெளிந்தவன் நின்ற இடத்திலிருந்தே கல்லெறிவான்.

கல்லெறிவது எத்துணைப் பெரிய அளவில் நிகழக்கூடும் என்பதற்கு நம் கிந்தா மாவட்டமே சான்று. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. அது மூடத்தனமன்று, சிலருடைய குருதியில் அந்நோயின் அடையாளமும் தென்பட்டது. கொசு மருந்து புகைக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. ஆயினும் பொருந்தாத குறிப்புகள் சில இருந்தன. அந்நோய் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கு மாண்டோர் பண்ணையில் பன்றிகளோடு பழகிய வளர்ந்த ஆடவர். தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றனர். பன்றிகளோடு நோயும் நெகிரி செம்பிலானுக்குச் சென்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய நச்சுயிரி ஒன்றைக் கண்டறிந்தார். நிப்பா என்று பெயர் பெற்ற அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

இதைக் கூறுவது மருத்துவர்களைப் பழிப்பதற்கன்று. நோயாளி படுத்திருக்க, உண்மை முழுதும் விளங்கட்டும் என்று கைகட்டி நிற்க இயலாது. ஐயம் முடிவின்றி நீண்டால் அதுவும் குற்றமே. அளவை வாதி அதையும் பட்டியலில் சேர்த்தது இதனாற்போலும். ஊகித்ததன்மேல் செயலாற்றத்தான் வேண்டும். செயலாற்றிய பின்னும் பொருந்தாத குறிப்புக்குக் காதைத் திறந்து வைத்திருக்கிறோமா என்பதில்தான் அறம் நுழைகிறது. தீர்ப்பு எழுதியதும் காதை மூடிக்கொள்பவர், தம் தீர்ப்பைக் காப்பதற்காகப் பிறரைத் தண்டிக்கிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இஃது அயற்செய்தியன்று. ‘தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்ற சொல் ஒரு காலத்தில் எத்தனை வாய்களில் புழங்கியது! பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும், எல்லா வகுப்புகளுக்கும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. விடியுமுன் தாயும் தந்தையும் பால்மரக் காட்டுக்குப் போய்விடுவர். முறுக்கம் எங்கெங்கிருந்தோ வந்தது, முனகல் பிள்ளையிடம் கேட்டது, பிள்ளையே பழுதென்றார்கள்.

இன்றைக்கும் வகுப்பில் கத்திப் பேசும் பையன் ‘அடங்காதவன்’ ஆகிறான். நான்காம் ஆண்டில் அப்படி ஒருவனைப் பற்றிக் குறை வந்தபோது, வகுப்பாசிரியரிடம் பட்டறைக் கேள்வியையே கேட்டேன்: எப்போது கத்துகிறான்? அவர் சில நாள் குறித்துப் பார்த்தார். திடலில் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தான். வகுப்பில் இடம் மாற்றியதிலிருந்துதான் கத்தல். அதுவும் ஆசிரியர் அவனுக்கு இடப்புறம் நின்று பேசும்போது. இடக்காதில் நெடுநாளாகச் சீழ். தன் குரலே தனக்குச் சரியாகக் கேளாதவன் உரக்கத்தான் பேசுவான். சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், இருக்கையையும் மாற்றினோம்.

பள்ளியின் ஒழுக்கப் பதிவேட்டில் முன்பு குற்றம், தண்டனை என்று இரண்டு பத்திகளே இருந்தன. இப்போது அவற்றுக்கு முன்னே ‘எப்போது’ என்றொரு பத்தி கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். ஆசிரியர் இருவருக்கு அது வீண்வேலையாகத் தோன்றுகிறது; அப்படியே என்னிடம் சொல்லவும் சொன்னார்கள். ஆயினும் எழுதுகிறார்கள்.