பவுலும் சின்னப்பரும்



ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் பக்கம் தெருக்களில் நடந்தால் வாசல் பலகையில் பால்ராஜ், பால்துரை, ஜான்பால் என்ற பெயர்கள் கண்ணில் படும். ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. அந்த வீட்டுத் தாத்தாவின் பெயர் சின்னப்பன் என்றிருந்தால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர்தான்.

பால், பவுல் இரண்டும் வந்தது பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து. அதற்குச் சிறியவர் என்று பொருள். ரோமாபுரியில் அது பெரிய இடத்துக் குடும்பப் பெயர். கி.மு. 168இல் மாசிடோனிய மன்னரை வென்ற தளபதி எமிலியுஸ் பவுலுஸ் அந்தக் குடும்பத்துக்காரர்.

சவுல் என்ற யூதர் கிறிஸ்துவை நம்பி மனம் மாறியதும் பவுல் என்று பெயரை மாற்றிக்கொண்டார் என்று பலரும் சொல்வார்கள். பைபிளில் அப்படி இல்லை. தமஸ்கு சாலையில் அவர் மனம் மாறுவது அப்போஸ்தலர் நூலின் 9ஆம் அதிகாரத்தில். பவுல் என்ற பெயர் முதலில் வருவதோ 13ஆம் அதிகாரத்தில், சைப்ரஸ் தீவில். அங்கே அவரை அழைத்துப் பேசிய ரோமானிய ஆளுநரின் பெயரும் பவுல்தான்! யூதராகவும் ரோமக் குடிமகனாகவும் இருந்தவருக்கு இரண்டு பெயர் இருந்திருக்கிறது. அதில் பவுல் என்ற பெயருக்கு ஏற்றபடி அவர் வாழ்ந்தார். அப்போஸ்தலர்களில் தானே மிகச் சிறியவன் என்று கொரிந்து சபைக்கு எழுதினார்.

தமிழ்க் கத்தோலிக்கர் இந்தப் பெயரை ஏற்ற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு, அர்ச்சியசிஷ்ட சின்னப்பர், அதாவது புனித சின்னப்பர், என்றார்கள். சின்னசாமி, சின்னையா, சின்னத்தம்பி என்று கூப்பிடும் ஊரில் அது அந்நியப் பெயராகவே தோன்றவில்லை. முருக பக்தரான சாண்டோ சின்னப்பா தேவரும் சின்னப்பாதானே! அருளப்பர் என்றால் யோவான். அதனால்தான் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த போப்பாண்டவர் ஜான் பாலை நம் கோயில்களில் இரண்டாம் அருள் சின்னப்பர் என்றார்கள்.

1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பு விவிலியத்தில் பவுல் என்றே இருக்கிறது. எல்லாச் சபையாரும் ஒரே பெயரைச் சொல்ல அது உதவியது, அது நல்லதுதான். ஆனால் சின்னப்பர் என்ற சொல் வழிபாட்டில் குறையக் குறைய, பிள்ளைகளுக்குச் சின்னப்பன் என்று பெயர் வைப்பதும் குறைந்துவிட்டது. பழங்காலப் பெயர் என்று ஒதுக்குகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

ஜூன் 29 இராயப்பர் எனப்படும் பேதுருவுக்கும் சின்னப்பருக்கும் திருநாள். அதற்கு முன்பாவது, உங்கள் வீட்டில் பால் என்றொரு பிள்ளை இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்து, தாத்தாவின் பெயரைத்தான் அவன் சுமக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் தேடுகிறீர்களா? சின்னப்பன் என்றே வையுங்கள்.