கல்லுக்குள் தேரை

பாறையைப் பிளந்தால் உள்ளே தேரை இருக்கும், அதற்கும் ஒருவன் படியளக்கிறான் என்பது நம்மிடையே சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. பார்வதி ஒரு எறும்பைச் சிமிழில் அடைத்துவைத்தாள், திறந்தபோது உள்ளே அரிசி இருந்தது என்ற கதையும் இதே ரகம். உயிருக்கு இடமில்லாத இடத்தில் உயிர் இருக்கிறது. ஆகவே படைத்துக் காப்பவன் இருக்கிறான். ஆகவே நமக்கும் கிடைக்கும். இரண்டு 'ஆகவே'க்கள். முதலாவதைப் பற்றித்தான் ஆத்திகரும் நாத்திகரும் ஓயாமல் வாதிடுகிறார்கள். அது தீராது. பரிணாமம் விளக்கிய பிறகும் பரிணாமத்துக்குப் பின்னால் ஒருவனை நிறுத்திக்கொள்ள யாருக்கும் தடையில்லை. என்னை உறுத்துவது இரண்டாவது.

தேரையை நிஜமாகவே கல்லுக்குள் வைத்துப் பார்த்த ஒருவர் உண்டு. வில்லியம் பக்லண்ட், பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் போதித்தவர். பாறைக்குள் உயிருள்ள தேரை கிடைத்ததாக ஐரோப்பாவிலும் கதைகள் உலவின. 1825 நவம்பரில் அவர் நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புக் கல்லில் 12 குழிகளும், இறுகிய மணற்கல்லில் 12 குழிகளும் வெட்டச் செய்தார். குழிக்கு ஒன்றாக 24 தேரைகளை இட்டு, கண்ணாடி வைத்து மூடி, காற்றுப் போகாமல் ஓரங்களை அடைத்து, தோட்டத்தில் 3 அடி ஆழத்தில் புதைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் தோண்டி எடுத்தபோது மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்தவற்றில் பெரியவை பெரும்பாலும் உயிரோடிருந்தன. எடை கூடியிருந்த தேரைகூட உண்டு. ஒரு குழியின் கண்ணாடியில் விரிசல் இருந்தது. அதன் வழியாகப் பூச்சிகள் போயிருக்கலாம். அவர் மறுபடியும் மூடிப் புதைத்தார். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் மிச்சமிருந்தவையும் செத்துவிட்டன.

பார்வதி ஒரு எறும்போடு நிறுத்திக்கொண்டாள் என்பது ஞாபகத்துக்கு வருகிறது.

பக்லண்டின் விசுவாசம் இதனால் குலையவில்லை. குலைய வேண்டியதும் இல்லை. ஆனால் 1836இல், கடவுளின் வல்லமையையும் ஞானத்தையும் நன்மையையும் சிருஷ்டியில் காட்டுவதற்காக ஒரு பிரபு விட்டுச்சென்ற பணத்தில் வெளியான நூல்வரிசையில் அவர் ஒன்று எழுதினார். பிற உயிர்களைத் தின்னும் பிராணிகள் இருப்பதால் உலகில் மொத்த வேதனை குறைகிறது என்று அதில் வாதிக்கிறார். நோயிலும் முதுமையிலும் இழுத்துக்கொண்டு கிடப்பதைவிடச் சட்டென்று சாவது மேல் அல்லவா? கணக்கு சரிதான். நான் தினமும் கணக்கோடு புழங்குகிறவன். மொத்தத்தைக் கூட்டிக் காட்டும்போது தனித்தனிப் பெயர்கள் எப்படி மறைகின்றன என்று எனக்குத் தெரியும்.

விசித்திரம் என்னவென்றால், தேரை இல்லாவிட்டாலும் கல்லுக்குள் உயிர் இருக்கத்தான் செய்கிறது. அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில், வெளியே புல் பூண்டு எதுவும் தென்படாத இடத்தில், மணற்கல்லின் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே பாசியும் பூஞ்சையும் வாழ்வதை 1970களில் இம்ரே ஃப்ரீட்மன் கண்டு எழுதினார். அதைவிட ஆழத்தில், தென்னாப்பிரிக்காவின் ம்பொனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டருக்குக் கீழே பாறைப் பிளவில் ஊறும் நீரில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. வெப்பம் 60 டிகிரிக்கு மேல். ஒளி இல்லை, ஆக்சிஜன் இல்லை. பாறையிலுள்ள யுரேனியம் சிதையும்போது வரும் கதிர்வீச்சு நீரைப் பிளக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ரஜன்தான் அதற்கு ஆகாரத்தின் மூலம். அந்த நீரில் ஏறக்குறைய அது மட்டுமே இருப்பதாக 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. ழூல் வெர்னின் பாதாள யாத்திரை நாவலில் வரும் லத்தீன் சொற்களிலிருந்து, துணிச்சலான பயணி என்று பொருள்பட அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதையும் வேட்டையாடாத, எதுவும் வேட்டையாட வராத ஓர் உயிர். பக்லண்டின் சமாதானம் தேவைப்படாத சிருஷ்டி ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது, நமக்குத் துளியும் சம்பந்தமில்லாமல். விசுவாசி இதைக் கண்டு வியந்தால் நானும் கூட வியப்பேன். பைபிளின் யோபு புத்தகத்தில், எல்லாவற்றையும் இழந்து குப்பையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடவுள் காட்டுவது இப்படிப்பட்டவற்றைத்தான்: ஆளில்லாத பாலையில் பெய்யும் மழை, காட்டுக் கழுதை, வரையாடு, தன் முட்டையை மறக்கும் தீக்கோழி. அங்கே 'ஆகவே' இல்லை. ஆகவே உனக்கும் கிடைக்கும் என்று அந்தப் பேச்சில் அவர் சொல்லவே இல்லை. அதனால்தான் அந்தப் பகுதி தாங்கமுடியாததாகவும் நேர்மையானதாகவும் இருக்கிறது.

ம்பொனெங்கில் அதே பாறைக்குள் மனிதர்களும் இறங்குகிறார்கள். அவர்களுக்குப் படியளப்பது கூலி.

என் அம்மா, அரிசிப் பானை காலியான இரவுகளில், கல்லுக்குள் தேரையைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்வாள். விடிந்ததும் எதிர்வீட்டில் அரைப்படி கடன் கேட்கப் போவாள். விசுவாசத்துக்கும் கடனுக்கும் அவளிடத்தில் முரண்பாடு இருந்ததில்லை. தேரையின் பெயரைச் சொல்லி யாரையும் அவள் திருப்பி அனுப்பியதும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளையின் நகைக்கடன் கவுண்டருக்கு ஓர் அம்மாள் ஏல நோட்டீஸோடு வந்தாள். ஒரு ஜோடிக் கம்மல். இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னாள். விதியில் இடமில்லை, அதிகாரியைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கனிவாகத்தான் சொன்னார்: "கல்லுக்குள்ள தேரைக்கே படியளக்கிறாம்மா, உங்கள விட்டுடுவானா?" அந்த நோட்டீஸில் விலாசம் எழுதியவன் நான். அந்த வாக்கியம் வந்ததும் எனக்குள் ஏதோ தளர்ந்து சௌகரியமாயிற்று. பொறுப்பு வேறு யாருக்கோ மாற்றப்பட்டுவிட்டது, வவுச்சர் போட்ட மாதிரி.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "ஆமாங்க சார்" என்றாள். நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஏலம் என்றைக்கு என்று என்னிடம் கேட்டாள். தேதியைச் சொன்னேன்.