எல்லாம் முன்வினைதானா?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் சிலருக்குச் சில நாட்களிலேயே ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போனது. மூக்கிலிருந்து கறுப்பாக நீர் வடிந்தது, பல் ஆடியது, கண் வீங்கி இமை தொங்கியது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்த மருத்துவர்கள், அண்ணத்தில் கரி பூசியதுபோல் ஒரு திட்டைக் கண்டார்கள். மியூகோர்மைகோசிஸ், மக்கள் வாயில் கறுப்புப் பூஞ்சை. கண்ணையோ மேல்தாடையையோ எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலை பலருக்கு. அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகவும், 4,300 பேருக்கு மேல் இறந்ததாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ஒரு கண்டத்தைத் தாண்டி வந்தவருக்கு ஏன் இன்னொன்று? ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்பவருக்கு அதில் ஆறுதல் இருக்கலாம். கண்ணை இழந்து கட்டிலில் கிடப்பவரையோ அது குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

இதே கேள்வி புத்தரிடமும் வந்தது. மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் அனைத்துக்கும் முன்வினையே காரணம் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சீவகர் என்ற துறவி கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார்: பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல், வினைப்பயன். வினை எட்டாவதாகத்தான் வருகிறது. எல்லாம் வினையே என்பவர்கள், தாமே உணரக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார் அவர். வினையையும் மறுபிறப்பையும் போதித்தவரே இப்படிச் சொன்னார்.

2021இல் நடந்ததும் அவர் பக்கமே நிற்கிறது. இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் மக்கிய இலையிலும் காற்றிலும் இருக்கின்றன. புண்ணியம் செய்தவர், பாவம் செய்தவர் எல்லோருமே அவற்றைச் சுவாசிக்கிறார்கள். நல்ல எதிர்ப்பாற்றல் அவற்றை அழித்துவிடும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் ரத்த வெள்ளணுக்கள் தளர்கின்றன. கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்குவதோடு சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. பூஞ்சை ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ள, ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது.

மண்ணுக்கு யார்மீதும் வஞ்சமில்லை. இந்நோய்க்கு உயிர்காக்கும் மருந்தான ஆம்போடெரிசின் பி-யும், 1950களில் வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்ததுதான்.

ஸ்டீராய்டும் பகையல்ல. 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்ற அளவில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த அந்த வாரங்களில், தேவையில்லாதவர்களுக்கும், தேவைக்கு மேல் அதிக நாளும் அது கொடுக்கப்பட்டது. பலருக்குச் சர்க்கரை அளவு பார்க்கப்படவில்லை. கடைசியில் ஆம்போடெரிசினுக்கும் தட்டுப்பாடு வந்து, குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடின. உடலைச் சரியாகப் பேணாமை என்று புத்தர் சொன்ன காரணம் இங்கே ஒரு நாட்டின் அளவுக்கு விரிந்துவிட்டது. அந்தப் பொறுப்பை நோயாளியின் முற்பிறவியில் ஏற்றுவது அநியாயம். திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விடவும் அது வழி செய்கிறது.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. அந்த நோய் உள்ளவர் எந்தக் காரணத்துக்காக ஸ்டீராய்டு எடுத்தாலும் வீட்டார் சர்க்கரை அளவைக் கவனமாகப் பார்த்து வரவேண்டும். மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டைத் தொடரவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. அன்று கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் இன்றும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று பேசுவதை விட்டுவிட்டு, செயற்கைக் கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள்.