புருவம் சுருக்காத கவனம்

"பாடத்தைக் கவனி!" என்று வாத்தியார் அதட்டியதும் வகுப்பில் என்ன நடக்கும்? முதுகு நிமிரும், புருவம் சுருங்கும், சிலர் மூச்சைக்கூட இழுத்துப் பிடிப்பார்கள். இரண்டு நிமிடம் கழித்து, இவ்வளவு நேரம் எதைக் கவனித்தாய் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். பிரான்ஸில் பள்ளி ஆசிரியையாக இருந்த சிமோன் வெய்ல், 1942-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் காட்சியைக் காட்டுகிறார். அந்தப் பிள்ளைகள் எதையும் கவனிக்கவில்லை, தசையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் என்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அந்த வகுப்பில் இருந்தவன்தான்.

அவர் சொல்லும் கவனத்திலும் உழைப்பு உண்டு. ஆனால் அது எட்டிப் பிடித்து இழுக்கும் உழைப்பு அல்ல. மனத்தைக் காலியாக்கிக்கொண்டு, வருவதற்கு இடம் விட்டுக் காத்திருக்கும் உழைப்பு. ஒரு வடிவகணிதக் கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி விடை கிடைக்காமல் போனாலும் அந்த நேரம் வீணில்லை, அது என்றாவது ஒருநாள் பிரார்த்தனையில் வந்து சேரும் என்று அவர் நம்பினார். திருத்தி வந்த விடைத்தாளை மடித்து ஒளித்துவிடாமல், தப்புச் செய்த இடத்தில் நின்று அதை நேராகப் பார்க்கவேண்டும் என்றார். அதில் வரும் பணிவு பாடத்தைவிடப் பெரிது என்பது அவர் கணக்கு.

இது பட்டுத் தெளிந்த பேச்சு. 1909-ல் பாரிஸில் ஒரு யூத மருத்துவரின் மகளாகப் பிறந்தவர் சிமோன். வீட்டில் மத அனுஷ்டானம் எதுவும் கிடையாது. அண்ணன் ஆந்த்ரே பின்னாளில் உலகமறிந்த கணிதமேதை. சின்ன வயதிலேயே அண்ணனின் அறிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனோடு தன்னை ஒப்பிட்டு மனம் ஒடிந்து, 14 வயதில் செத்துப்போகலாம் என்றுகூட நினைத்திருக்கிறார் தங்கை. பல மாத இருட்டுக்குப் பிறகு அவருக்கு ஒன்று உறுதிப்பட்டது: திறமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உண்மைக்காக ஏங்கி, இடைவிடாமல் கவனிக்கிற எவருக்கும் அது கிட்டும்.

தொழிலாளர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், 25 வயதில் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குள் போனார். 1934 டிசம்பரில் அல்ஸ்தோம். கடைசியாக, 1935 ஆகஸ்ட் வரை ரெனோ கார் தொழிற்சாலை. எத்தனை உருப்படி செய்தாயோ அத்தனைக்குத்தான் கூலி. கை ஓட வேண்டுமானால் யோசிப்பதை நிறுத்த வேண்டும். போதாததற்குத் தீராத தலைவலி வேறு. அந்த நாட்களில் ஒருமுறை பஸ்ஸில் ஏறியபோது, மற்றவர்களைப் போலத் தன்னையும் ஏறவிடுகிறார்களே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்ததாம். யாராவது இறங்கு என்று விரட்டியிருந்தால் அதை இயல்பாக எடுத்துக்கொண்டிருப்பேன் என்கிறார். யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத மனிதன், தான் இருப்பதையே மெல்ல மறந்துபோகிறான்.

அந்த நிலையில்தான் அவருடைய கிறிஸ்தவம் தொடங்குகிறது. போர்ச்சுகலில் ஒரு மீனவக் கிராமத்துத் திருவிழா, பௌர்ணமி இரவு. பெண்கள் மெழுகுவர்த்தி ஏந்திப் படகுகளைச் சுற்றி வந்து, நெஞ்சைப் பிசையும் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். இது அடிமைகளின் மதம், நானும் இவர்களில் ஒருத்தி என்று அங்கே தோன்றியது. 1938-ல் கிறிஸ்துவே தன்னிடம் இறங்கி வந்ததாகப் பின்னாளில் எழுதினார். ஆனாலும் ஞானஸ்நானம் பெறச் சம்மதிக்கவில்லை. மார்செய் நகரில் டொமினிக்கன் துறவி பெரேன் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், வெளியே நிற்கும் கோடானுகோடிப் பேரை விட்டுத் தான் மட்டும் உள்ளே போக அவருக்கு மனம் வரவில்லை. கீதையைச் சமஸ்கிருதத்திலேயே படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு அந்த வாசல் கொஞ்சம் குறுகலாகவும் தெரிந்திருக்கும்.

துன்பப்படுகிறவனுக்கு என்ன தேவை? பரிதாபம் மட்டும் போதாது, தன்னைக் கவனிக்கிற ஒருவர் வேண்டும் என்கிறது வகுப்பறையைப் பற்றிய அதே 1942 கட்டுரை. ஐரோப்பியர்களின் பழங்கதையில் ஒரு புனிதக் கிண்ணம் வருகிறது. காயம்பட்டுக் கிடக்கும் ஓர் அரசன் அதைக் காத்துவருகிறான். அவனிடம் உனக்கு என்ன வேதனை என்று முதலில் கேட்கிறவனுக்கே அது சொந்தம். அவ்வளவு சின்னக் கேள்வி. அதைக் கேட்க முடிகிறவர்கள் அபூர்வம், ஏறக்குறைய அற்புதம் என்கிறார் வெய்ல்.

1943-ல் லண்டனில் இருந்தபோது அவருக்குக் காசநோய் கண்டது. நாஜிகள் பிடியில் இருந்த பிரெஞ்சு மக்களுக்குக் கிடைக்கும் ரேஷன் அளவுக்குமேல் உண்ண மறுத்தார். ஆகஸ்ட் 24 அன்று, 34 வயதில், ஆஷ்ஃபோர்டு நகரத்துச் சானடோரியத்தில் இறந்தார். இந்த முடிவை மெச்சிக்கொள்ள என்னால் முடியவில்லை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது 1941-ஆம் வருடத்தை. தெற்குப் பிரான்ஸின் திராட்சைத் தோட்டம் ஒன்றில் அறுவடைக் கூலியாக வேலை செய்தார். தினமும் வேலை தொடங்குமுன், 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்ற ஜெபத்தைக் கிரேக்க மொழியில் ஒருமுறை முழுக் கவனத்தோடு சொல்வார். குலைகளைப் பறிக்கும்போதும் அடிக்கடி சொல்வார். நடுவில் மனம் இம்மி விலகினாலும் முதல் சொல்லுக்குத் திரும்பிப் போய், மறுபடி ஆரம்பிப்பார்.